செவ்வாய்க்கிழமை நாலு மணி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்தைப் படிக்கச் சிரமப்படுவீர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்று இன்னும் தடுமாற்றம் உண்டு. வேலை இடத்தில் பெட்டிகளின் மேல் தேதியும் எண்ணும் எழுதுவதைத் தவிர, பேனா பிடித்து வெகு காலம் ஆகிவிட்டது. தப்பு இருந்தால் அச்சில் போடும்போது யாராவது திருத்திக்கொள்ளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் மனைவிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த மிஸ், நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தரலாம், சின்னப் புத்தகமாகப் போடுவோம், பெயர் வேண்டியதில்லை என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருந்தார். கூட்டத்தில் எழுந்து பேசச் சொல்லியிருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். எழுதுவது என்பதால் துணிந்தேன்.

எங்கள் வீட்டில் பேசுகிற ஆள் என் மனைவிதான். கிள்ளானில் ஒரு மளிகைக் கடையில் பல வருடம் கல்லாவில் இருந்தாள். வருகிறவர்களிடம் தமிழ், மலாய், சீனர்களின் ஹொக்கியன்கூடக் கொஞ்சம் பேசுவாள். கரண்டுக்காரன், தண்ணீர் அலுவலகம், பிளாட் நிர்வாகம் என்று எதற்கும் அவளே போன் செய்வாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். "இவரு வாய வாடகைக்கு விட்டுட்டாரு" என்று என்னைக் காட்டிச் சிரிப்பாள். எனக்கு அது வசதியாகவே இருந்தது.

ஒரு நாள் காலை கடைக்குக் கிளம்பும்போது சமையலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். ஆனால் பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது அவளுக்குப் புரிகிறது. அவள் சொல்ல நினைப்பது வாய்வரை வந்து, வேறு ஏதோ சத்தமாக வெளியே வரும். தண்ணீர் என்று சொல்ல நினைப்பாள், "சாவி" என்று வரும். அது தப்பு என்று அவளுக்கே தெரியும். கண் கலங்கும். நான் சாவியையும் கொண்டுவந்து கொடுப்பேன், தண்ணீரையும் கொண்டுவந்து கொடுப்பேன்.

பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் உண்டு. தமிழில் தருகிறவர்தான் இல்லை. விசாரித்து விசாரித்துக் கிடைத்தவர்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன மையத்தில் இருக்கும் இந்த மிஸ். எங்கள் வீடோ கிள்ளானில் மின்தூக்கி இல்லாத பிளாட்டில் மேல் மாடி. சக்கர நாற்காலியோடு அவளை இறக்கி ரயிலேற்றிக் கொண்டுபோக ஒரு முறை முயன்றோம். அதற்குப் பிறகு மிஸ்ஸே, "கம்ப்யூட்டர்ல பண்ணலாம் அங்கிள். வாரம் ஒரு தடவ, செவ்வாய்க்கிழமை நாலு மணி. உங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. என் மனைவியின் தம்பி கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கிறான். அவனுடைய பழைய கம்ப்யூட்டரை, பெரிய திரையோடு, எங்கள் கூடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்று வேறொன்று போட்டிருந்தான். "வைரஸ் வராது மாமா, காசும் கிடையாது, பழைய மெஷினுக்கு இதான் நல்லது" என்றான். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் அக்காவுக்குத்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தான். அவள் அதில் பாட்டுக் கேட்பாள், ஊர்ச் செய்தி படிப்பாள். நான் தூசி துடைப்பேன்.

அவள் விழுந்தபின் அதை இயக்குகிற வேலை எனக்கு வந்தது. தம்பிக்காரன் போனில் சொல்லிக் கொடுத்தபடி, நரிப் படத்தை இரண்டு தட்டு தட்டினால் பிரவுசர் திறக்கும், மிஸ் அனுப்பிய பக்கத்தைத் தட்டினால் மிஸ்ஸின் முகம் வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அது போதுமானதாக இருந்தது. பெரிய திரையில் மிஸ்ஸின் உதடு அசைவதைப் பார்த்து என் மனைவியும் உதட்டைக் குவிப்பாள். வலது பக்கப் பார்வையும் கொஞ்சம் போய்விட்டதால் போனின் சின்னத் திரை அவளுக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு வகுப்பும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும். "ஆன்டி, இன்னிக்கு என்ன கிழமை?" நான்கைந்து வாரத்தில் அவள் அதற்குச் சரியாகப் பதில் சொன்னாள். "செவ்வா" என்று பாதியில் நின்றாலும், அது செவ்வாய்தான்.

பிறகு மழைக்காலம் பிடித்தது.

எங்கள் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து இடி இறங்கும். இடிச் சத்தம் கேட்டால் எல்லா வீட்டிலும் முதலில் செய்வது பிளக்கைப் பிடுங்குவது. டிவி, மோடம், கம்ப்யூட்டர், எதையும் சுவரில் விடக் கூடாது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிடுங்கியே ஆக வேண்டும். கீழ் வீட்டு அக்காவின் டிவி ஒரு இடியில் புகைந்துபோனதிலிருந்து அவர்தான் எங்கள் மாடிக்கே காவல். முதல் உறுமல் கேட்டதும் படிக்கட்டில் இருந்தே கத்துவார். "பிளக்க பிடுங்குங்கண்ணே! அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க!"

எனக்குக் காலை ஷிப்ட், அதுவரை அவளைப் பார்த்துக்கொள்வது கீழ் வீட்டு அக்காதான், இடி இறங்குவதற்குள் நான் வந்திருப்பேன். நான் பிடுங்குவேன். மழை ஓய்ந்ததும் திரும்பச் செருகுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்படிச் செருகிவிட்டு, அவளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, நரியைத் தட்டினேன். மிஸ்ஸின் பக்கத்தைத் தட்டினேன். மிஸ் வரவில்லை. வெள்ளைப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணமும் நிறைய ஆங்கில எழுத்தும் வந்தன. திரும்பத் தட்டினேன். அதே முக்கோணம். செய்திப் பக்கத்தைத் தட்டினேன், பாட்டுப் பக்கத்தைத் தட்டினேன். எங்கே போனாலும் அதே.

அதைப் போனில் படம் பிடித்து, தமிழில் மாற்றிக் காட்டச் சொன்னேன். உங்கள் இணைப்பு பாதுகாப்பாக இல்லை, திருட நினைப்பவர்கள் இருக்கலாம் என்பதுபோல ஏதோ வந்தது. எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று தோன்றினாலும், ஒரு பிளாஸ்திரியை வெட்டிக் கேமராவின் மேல் ஒட்டினேன். அதற்குள் நாலரை ஆகிவிட்டது. மிஸ்ஸுக்குப் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் போன் பேச வராது. "லைன் இல்லை மிஸ்" என்று எழுதி அனுப்பினேன்.

ஆனால் லைன் இருந்தது. அதே மோடத்தில் போன் நன்றாக வேலை செய்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்த வாரம் எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். மோடத்தைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரைப் பிடுங்கிச் செருகினேன். வேலை இடத்தில் கூட வேலை செய்யும் ஒருவர், "ஹிஸ்டரிய டிலீட் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். அதைத் தேடிக் கண்டுபிடித்து அழித்தேன். அவள் சேர்த்து வைத்திருந்த பாட்டுப் பக்கங்களின் அடையாளமெல்லாம் போனதுதான் மிச்சம். முக்கோணம் அப்படியே இருந்தது.

தம்பிக்காரனுக்கு எழுதினேன். அவன் கப்பல் எந்தக் கடலில் இருந்ததோ, மூன்றாம் நாள்தான் பதில் வந்தது.

"மாமா, பயப்படாதீங்க. கறுப்பு ஜன்னல் ஒண்ணு இருக்கும், அத திறந்து நான் அனுப்புற வரிய அப்படியே அடிங்க. வர்றத போட்டோ புடிச்சு அனுப்புங்க."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எண்டரைத் தட்டியதும் வெள்ளை வரிகள் வர ஆரம்பித்தன. ஒன்றன்கீழ் ஒன்று, நிற்காமல், ஒரே மாதிரி வரிகள். படம் பிடித்து அனுப்பினேன். வரிகள் நிற்கவில்லை. நிறுத்துவது எப்படி என்று அவன் சொல்லவில்லை. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் வந்துகொண்டிருந்தது. ஏதோ கெடுத்துவிட்டேன் என்ற பயத்தில் பிளக்கைப் பிடுங்கினேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நோய்க்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் பதில் வர மறுபடி நாளானது. "லைன் நல்லா இருக்கு மாமா. பிரச்சின பிரவுசர்லதான். அடுத்த போர்ட்டுக்கு போனதும் கூப்புடுறேன்." போர்ட்டுக்கு எப்போது போவான் என்று அவனுக்கே தெரியாது.

இரண்டாவது செவ்வாயும் போயிற்று. மிஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது. கோபமாக இல்லை. "அங்கிள், எங்க சென்டர்ல ஒரு ரூல் இருக்கு. மூணு தடவ மிஸ் ஆனா அந்த நேரத்த வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்கு கொடுத்துடணும். அடுத்த வாரம் எப்படியாவது ட்ரை பண்ணுங்க. ஆன்டி நல்லா இம்ப்ரூவ் ஆயிட்டு வராங்க, விட்டுடாதீங்க."

விட்டுவிடாதீர்கள் என்றால் எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை கீழ் வீட்டு அக்காவை மனைவிக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். கிள்ளானிலும் கடைகள் உண்டு. ஆனால் மிஸ் இருக்கும் ஊர் என்பதால் அங்கே எல்லாம் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று ஏனோ ஒரு எண்ணம். பெட்டி மடியில் கனத்தது. வழியெல்லாம் கடைக்காரரிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று போன் உறைகளைப் பார்ப்பதுபோல் நின்றேன். புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் கடைக்காரரே, "என்ன பாஸ், ரொம்ப நேரமா கவர பார்க்கறீங்க, கல்யாணத்துக்கா?" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். பையைத் திறந்து காட்டினேன்.

பெட்டியைத் திரையில் மாட்டி இயக்கிப் பார்த்தார்.

"ஐயோ, லினக்ஸ்! அண்ணே, நீங்க என்ன ஹேக்கரா?"

பின்னால் நின்றவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

"பிரவுசர்... திறக்கல. பாதுகாப்பு இல்லன்னு வருது. செவ்வாய்க்கிழமை..." என்று ஆரம்பித்தேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்த வரிகள் எல்லாம் ஓடிப்போயின.

அவர் நரியைத் தட்டினார். முக்கோணம் வந்தது. உச்சுக்கொட்டினார். "ரொம்ப பழசு அண்ணே. இதுல நாங்க கை வைக்கறது இல்ல. எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ் போட்டுடலாம். ஒரு வாரம் ஆகும்."

"செவ்வாய்க்குள்ள?"

"தக் போலே லா, முடியாது. பாருங்க எவ்வளவு கிடக்கு." பின்னால் மடிக்கணினிகள் அடுக்கி இருந்தன.

என் மனைவியாக இருந்தால் அந்த இடத்திலேயே நிலைமையைச் சொல்லி, அவரை அண்ணன் தம்பியாக்கி, அன்றைக்கே எதையாவது செய்ய வைத்திருப்பாள். நான் பெட்டியைத் துண்டில் சுற்றினேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மிஸ்ஸின் மையம். வாசல்வரை போனேன். சனிக்கிழமையானதால் பூட்டியிருந்தது. திறந்திருந்தாலும் உள்ளே போயிருப்பேனா என்று தெரியாது.

இதற்கிடையில் இன்னொரு கவலை சேர்ந்திருந்தது. வகுப்பு இல்லாவிட்டாலும் பயிற்சி நிற்கக் கூடாது என்று, வேலையிலிருந்து வந்ததும் அவளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து மிஸ் கேட்பதுபோலக் கேட்பேன். "இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி" என்பாள்.

அன்று புதன்கிழமை. சரி, தடுமாற்றம் என்று நினைத்தேன். மறுநாள் கேட்டேன். "வெள்ளி." அதற்கு மறுநாள் உண்மையாகவே வெள்ளிக்கிழமை, அன்றும் வெள்ளி என்றாள். ஞாயிறு, திங்கள், எப்போது கேட்டாலும் வெள்ளிதான். சொல் மட்டும் தெளிவாக வந்தது. இப்படி ஒரே சொல்லில் சிக்கிக்கொள்வது இந்த நோயில் உண்டு என்று மிஸ் முன்பு சொல்லியிருந்தார். அப்படி வந்தால் உடனே தெரியப்படுத்தச் சொல்லியிருந்தார். நான் தெரியப்படுத்தவில்லை. வகுப்பு நின்றதால் அவள் பின்னால் போய்விட்டாள், அதற்குக் காரணம் இந்தப் பெட்டி, பெட்டியைச் சரி செய்யத் தெரியாத நான். இதை எப்படி எழுதி அனுப்புவது?

காலையில் சுவர்க் காலண்டரில் தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்து, "திங்கள், திங்கள்" என்று சொல்ல வைப்பேன். சொல்வாள். மாலையில் கேட்டால் வெள்ளி. சில நாள் இடது கையை நீட்டித் திரையைக் காட்டுவாள். வகுப்பு எங்கே என்று கேட்கிறாள் என்று எண்ணி, "வரும்மா, வரும்" என்பேன். அவள் கையைத் தட்டிவிடுவாள்.

மூன்றாவது செவ்வாய் வந்தது. மூன்று மணிக்கு மேல் வானம் உறுமியது. படிக்கட்டில் அக்காவின் குரல் கேட்டது. அந்த ஒரு நாள் பிடுங்காமல் விடலாமா என்று யோசித்தேன். இடி விழுந்து பெட்டியே புகைந்துவிட்டால்? பிடுங்கினேன். மழை கொட்டியது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஓய்ந்தது. செருகினேன். நரி, மிஸ்ஸின் பக்கம், முக்கோணம்.

சரியாக நாலு மணிக்கு என் போன் அடித்தது. மிஸ்தான், முகம் தெரியும் அழைப்பு.

"பரவால்ல அங்கிள், போன்லயே பார்க்கலாம். ஆன்டி முன்னால வைங்க."

போனை ஒரு டின்னில் சாய்த்து அவள் முன்னால் வைத்தேன்.

"ஆன்டி, எப்படி இருக்கீங்க? என்னை தெரியுதா? இன்னிக்கு என்ன கிழமை ஆன்டி?"

என் மனைவி போனைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி அதற்குப் பின்னால் பார்த்தாள். "வெள்ளி" என்றாள்.

"நல்லா யோசிங்க ஆன்டி. அவசரமே இல்ல."

"வெள்ளி."

எனக்குப் பொறுக்கவில்லை. "செவ்வாய்மா! காலையில தாள கிழிச்சு கையில கொடுத்தேனே! செவ்வாய்!"

அவள் இடது கையால் மேசையை ஓங்கி அறைந்தாள். டின் உருண்டது, போன் கீழே விழுந்தது. "வெள்ளி! வெள்ளி!"

போனை எடுத்தபோது மிஸ்ஸின் முகம் வாடியிருந்தது. "கோவம் வருது பாருங்க. போன மாசம் இப்படி இல்ல அங்கிள். எத்தன நாளா இந்த ஒரே சொல்லு?"

"வகுப்பு நின்னதுலேர்ந்து மிஸ்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். "அப்போ முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. திரும்ப ஏதாச்சும் ஆயிருக்கான்னு பார்க்கணும். அதுவரைக்கும் நம்ம கிளாஸ நிறுத்தி வைப்போம். இந்த நேரத்த வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்கு கொடுத்துடுறேன். தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள்."

"சரி மிஸ்" என்றேன்.

போனை வைத்துவிட்டு, உருண்டுபோன டின்னை எடுக்கக் குனிந்தேன். என் மனைவி என் சட்டைக் கழுத்தைப் பிடித்தாள். ஒரு கைதான், ஆனாலும் இரும்புப் பிடி. என் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பினாள். பிறகு கழுத்தை விட்டுவிட்டு, திரையின் கீழ் வலது மூலையில் விரலால் தட்டினாள். தட்டித் தட்டிக் காட்டினாள். அந்தப் பக்கம் அவளுக்குச் சரியாகத் தெரியாது, தலையை நன்றாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அப்படித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வெள்ளி."

குனிந்து படித்தேன். பெட்டிகளின் மேல் தேதி எழுதியே பழகியவன் நான், அந்த மூன்று ஆங்கில எழுத்தும் எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளி என்றே இருந்தது. ஜனவரி ஒன்றாம் தேதி. எங்கள் இருவருக்கும் முடி கறுப்பாக இருந்த காலத்து வருடம். வெளியே மழை இருட்டு, கம்ப்யூட்டரில் மணி காலை எட்டேகால்.

அந்தப் பெட்டியை நான் பிடுங்கிச் செருகும்போதெல்லாம் அது அந்தப் பழைய ஜனவரிக்குத் திரும்பிப் போயிருக்கிறது. இந்த மழைக்காலத்தில் நான் பிடுங்காத நாளே இல்லை. அதனால் எல்லா மாலையும் அதற்கு வெள்ளிக்கிழமை. என் மனைவி சொல்லில் சிக்கவில்லை. திரையில் இருந்ததைப் படித்திருக்கிறாள். வாரக்கணக்கில் எனக்குக் காட்டிக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

தேதியைத் தட்டினேன். மாற்றுகிற இடம் வந்தது. மாற்றப் போனால் கடவுச்சொல் கேட்டது. எனக்கு அது தெரியாது. தெரிந்தவன் கடலில் இருந்தான். விசைப்பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினாள். கறுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்தன. தப்பு என்று திரையில் அந்தக் கட்டம் ஆடியது. முழுவதையும் அழித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அமுக்கினாள். திறந்துகொண்டது. சுவர்க் காலண்டரைப் பார்த்து நான் தேதியை வைத்தேன்.

நரியைத் தட்டினேன். முக்கோணம் இல்லை. மிஸ்ஸின் பக்கம் திறந்தது. மிஸ் அங்கே இல்லை, எங்கள் நேரம் முடிந்துவிட்டது. கேமராவில் பிளாஸ்திரி ஒட்டியது நினைவு வந்து உரித்தேன். பெரிய திரையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தெரிந்தோம். அவள் தன் தலைமுடியைச் சரி செய்துகொண்டாள்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான். எழுதி அனுப்பினால் புரியாது, பேச வேண்டும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். அழுத்தினேன். மிஸ் எடுக்கவில்லை. மையத்துக்குப் போட்டேன். வேறொரு பெண் எடுத்து மலாயில் வேகமாக ஏதோ கேட்டார். "நந்தி, நந்தி" என்று மலாயிலேயே, அப்புறம் பேசுகிறேன் என்பதை மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் வேலை இடத்தில், சாப்பாட்டு நேரத்தில், பெட்டிகளுக்குப் பின்னால் நின்று மறுபடி அழைத்தேன். மிஸ் எடுத்தார்.

"மிஸ், அவ சொன்னது சரி" என்று ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர், இடி, பிளக், ஜனவரி எல்லாம் முன்னும் பின்னுமாகக் கலந்து வந்தன. மிஸ் இரண்டு முறை நிறுத்தித் திருப்பிக் கேட்டார். மூன்றாம் முறை புரிந்துகொண்டார்.

"அதாவது, ஆன்டி ஸ்கிரீன பார்த்து இங்கிலீஷ்ல படிச்சு தமிழ்ல சொல்லியிருக்காங்க?"

"ஆமா மிஸ்."

"நான் அத தப்புன்னு எழுதிட்டேனே." மிஸ்ஸின் குரல் தாழ்ந்தது. "நல்ல வேள சொன்னீங்க அங்கிள். இப்போ டாக்டர பத்தி அவசரமில்ல. ஆனா அந்த நாலு மணிய நேத்து சாயந்தரமே கொடுத்துட்டேன். ஒரு பெரியவர், அவருக்கும் தமிழ் மட்டும்தான். அவர்கிட்டேர்ந்து திரும்ப வாங்க முடியாது."

"வேணாம் மிஸ். வாங்காதீங்க."

"அடுத்து யாராச்சும் முடிச்சுட்டு போனா உங்களுக்குத்தான். எப்போன்னு சொல்ல முடியல. போன் பக்கத்துலேயே இருங்க."

தம்பிக்காரன் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன். "மாமா, உள்ள காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்துடுச்சு. அதான் பிளக்க எடுத்ததும் தேதிய மறந்துடுது. தேதி தப்பா இருந்தா எந்த வெப்சைட்டும் நம்பாது. நான் முதல்லயே தேதிய பாருங்கன்னு கேட்டிருக்கணும்." பெட்டியைத் திறந்து மாற்றச் சொன்னான். பேட்டரியை வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறக்கக் கை வரவில்லை. ஏதாவது உடைந்துவிட்டால் இருப்பதும் போய்விடும். அவன் வந்து மாற்றட்டும்.

இன்னும் மழை விட்டபாடில்லை. அக்கா கத்துகிறார், நான் பிடுங்குகிறேன். ஓய்ந்ததும் செருகினால் திரையில் அதே ஜனவரி. அவள் கடவுச்சொல்லை அமுக்குவாள், நான் தேதியை வைப்பேன். பிறகு பாட்டுப் பக்கத்தைத் திறந்து கொடுப்பேன். பாட்டோடு அவள் உதடு அசைகிறது, சில சொற்கள் வருகின்றன, சில வரவில்லை. அவை சரியா தப்பா என்று சொல்லித்தர எனக்குத் தெரியாது. மிஸ்ஸுக்குத்தான் தெரியும். வேலை நேரத்தில்கூட போனைச் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். மிஸ் இன்னும் கூப்பிடவில்லை.

கிள்ளான்,
நவம்பர் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை.